அய்யாவு குறைத்த களைமருந்து

மக்கள் நலனை முன்னிட்டு, சோளத்தோட்டங்களில் களைக்கொல்லி அடிப்பதைப் பாதியாகக் குறைப்பதென்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல முடிவு. மேலிடம் எப்போதாவதுதான் நல்ல முடிவு எடுக்கும். எடுத்தால் எங்கள் ஊர் சாஆவில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். இந்த முறை அய்யாவு.

அய்யாவு அரசாங்க நிலத்தில் தற்காலிக உரிமம் வாங்கிச் சோளம் போடுகிறவர். அவரும் மனைவி தனலெட்சுமியும் மண்வெட்டியால்தான் களை எடுப்பார்கள். வரிசைகளுக்கு நடுவே பழைய சோளத்தட்டையைப் பரப்பிப் புல்லை அமுக்கிவிடுவார்கள். தனலெட்சுமி எஸ்டேட்டில் பம்பு சுமந்து மருந்தடித்து நகமெல்லாம் கறுத்துப்போனவர். தன் மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அந்தச் சோளத்துக்காகச் சந்தையில் நாங்கள் முண்டியடிப்போம்.

களை நிர்வாகச் சீரமைப்பு அதிகாரி திரு. ரூபேந்திரன் டேப்லெட்டும் கையுமாக வந்தார்.

“அண்ணே, எவ்வளவு மருந்து அடிக்கிறீங்க?”

“அடிக்கிறதே இல்ல சார்.”

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. “அலமாக்! அப்புறம் எப்படிப் பாதியாக் குறைப்பீங்க?”

“குறைக்க ஒண்ணுமே இல்லயே லா.”

“அதான் பிரச்சினை. குறைக்காதவங்க எல்லாம் ஒத்துழைக்காதவங்க. அவங்களுக்கு உரிமம் புதுப்பிக்க முடியாதுண்ணே.”

“நாங்க அடிக்கிறதே இல்லன்னு போட்டுக்குங்க சார்,” என்றார் தனலெட்சுமி.

“அடிக்காம இருக்கிறதுக்குத் திட்டம் இல்லக்கா. குறைக்கிறதுக்குத்தான் இருக்கு.”

நிலம் போய்விடுமே என்று அய்யாவு அதிகாரியின் பின்னாலேயே நடந்தார். அதிகாரி இரக்கமுள்ளவர், வழியும் அவரே சொன்னார். இந்தப் போகம் நன்றாக அடிப்பது, அடுத்த போகம் பாதியாகக் குறைப்பது.

“வெறும் தண்ணிய அடிச்சா ஆகாதா சார்?”

“புல்லு சாகணும்ணே. செத்த புல்லுதான் ஆதாரம்.”

அய்யாவு அடித்தார். தனலெட்சுமி புருஷனோடு பேச்சை நிறுத்தினார். புல் ஒழுங்காகச் செத்தது. அடுத்த போகம் அரசு ஆணைப்படி பாதி அடித்தார். பம்புக்குப் பழகிய கை மண்வெட்டியைத் தொடச் சோம்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவரைப் பார்த்து, கையால் களையெடுத்த மற்றவர்களும் பிற்பாடு குறைப்பதற்காக இப்போது அடிக்கத் தொடங்கினார்கள். மருந்துக்கடையில் சரக்கு தட்டுப்பாடு. திட்டம் மகத்தான வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

மண்டபத்தில் விழா. உரிமம் புதுப்பிக்கப்பட்ட அய்யாவுக்கு ‘முன்மாதிரி விவசாயி’ என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஊரே திரண்டு கைதட்டியது. நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். வந்தவர்களுக்கெல்லாம் அவர் தோட்டத்துச் சோளத்தை அவித்துக் கொடுத்தார்கள்.

ரூபேந்திரன் மெல்ல மேடையோரம் தனலெட்சுமியிடம் போனார். “அக்கா, வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு. மருந்தடிக்காத சோளம் கொஞ்சம் கிடைக்குமா?”

“இருந்துச்சு சார். அதத்தான் குறைச்சிட்டோம்.”

பக்கத்தில் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கையில் சோளத்தோடு நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் மெல்லாமல் நின்றோம். பிறகு மென்றோம். சும்மா கொடுத்ததை வீணாக்கலாமா?