பெஞ்சுப் பெரியவர்

"இந்த வாரத்தோட கெடு முடியுது. இன்னும் ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை." சட்டையைக் கழற்றியபடி சொன்னார் அப்பா. குரல் நடுங்கியது.

நகராட்சிப் பூங்காவைப் புதுப்பிக்கும் திட்டம் அவர் போட்டது. அதைப் பற்றி ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்லத்தான் அந்தக் கெடு. அது படுத்துவிட்டால் அவரைக் கண்காணாத ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று அம்மா முன்கூட்டியே ஒரு தவணை அழுது முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் ஊர் மாற மகள் தயாராக இல்லை.

ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் ஒரு பொய்ப்பெயரில் எழுதினாள்: "பூங்காத் திட்டம் அருமை."

ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

எதிர்ப்பு இருந்தால்தானே பேச்சு சூடுபிடிக்கும்? இன்னொரு பொய்ப்பெயரில் ஒரு பெரியவரைப் பெற்றெடுத்தாள். "என் மனைவி கடைசியாக உட்கார்ந்த பெஞ்சு அது. அதைப் பிடுங்காதீர்கள்."

விடிந்தபோது ஊரே அழுதுகொண்டிருந்தது.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. எங்கேருந்து முளைச்சுது இந்தக் கிழம்?" அப்பா தட்டைத் தள்ளிவைத்தார்.

"சும்மா இருங்க. பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன்." அம்மா மூக்கைச் சிந்தினாள். "நீங்களும்தான் இருக்கீங்களே."

மகள் பதறிப்போய்ப் பெரியவரின் மனத்தை மாற்றினாள்: "யோசித்துப் பார்த்தேன். புது பெஞ்சும் நல்லதுதான்."

"மிரட்டியிருக்காங்க" என்று ஊர் கொதித்தது. பெரியவருக்குப் பாதுகாப்பு கேட்டு ஒரு கூட்டம் பூங்கா வாசலில் உட்கார்ந்துவிட்டது.

வேறு வழி தெரியவில்லை. பெரியவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். போகும்போது திட்டத்தை வாழ்த்திவிட்டுப் போனதாகவும் எழுதிப் பார்த்தாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பு வந்துவிட்டதால் நகராட்சி கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. அது இரங்கல் கூட்டமாகிவிட்டது. பெஞ்சு முழுக்கப் பூ. பின்வரிசையிலிருந்து ஒருவர், "பெரியவரைக் கொன்ன இன்ஜினியர் அதோ நிக்கிறான்" என்று கையை நீட்டினார். மேடையில் அப்பா, பிறக்கவே பிறக்காத ஒருவருக்காகத் தலைகுனிந்து மௌனம் காத்தார்.

திட்டம் கைவிடப்பட்டது என்று நகராட்சித் தலைவர் அறிவித்தார்.

மகள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். மேடைக்குத் தண்ணீர் கொண்டுபோன அப்பாவின் அலுவலக உதவியாளர் அவளைப் பார்த்து நின்றார்.

"எல்லாம் என்னாலதான் அண்ணா. யாருமே கருத்து சொல்லலைன்னு அப்பா கவலைப்பட்டாரு, அதான் நானே அந்தப் பெரியவரா..."

உதவியாளர் மேடையை ஒருமுறை பார்த்தார். பிறகு தண்ணீரை அவளிடமே கொடுத்துவிட்டார்.

"கெடு முடியறவரைக்கும் யாரும் வாயைத் திறக்கலைன்னா திட்டம் தானா பாஸாயிருக்கும் பாப்பா. அதுக்குத்தானே உங்கப்பா அந்த நோட்டீஸைக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால ஒட்டச் சொன்னாரு."