கந்தகக் கோட்டையும் கடைவாய்ப்பல்லும்

சரக்.

கல்யாணமான புதிதில் கேட்ட சத்தம் அது. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் வந்துட்டேன்" என்றேன். உள்ளேயிருந்து மனைவியின் பதில் வந்தது. சரக். புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்ட சத்தம். காய்ந்த இலைமேல் குருவி கால் வைத்தது போல. அவ்வளவுதான் வரவேற்பு.

அன்று முதல் எங்கள் வீட்டில் உரையாடல் என்றால் இதுதான். நான் ஒரு வாக்கியம் பேசுவேன். இவள் ஒரு பக்கம் புரட்டுவாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். எங்கள் இருவருக்கும் தலை நரைத்தது. சரக் மட்டும் நரைக்கவில்லை.

நான் பல்செட் செய்பவன். பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். நான் அதைப் பிளாஸ்டர் மாவில் வார்த்து, மெழுகில் பல் பதித்து, ஊர் முழுக்கச் சிரிக்க வைப்பேன். என் வீட்டில்தான் யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. இவள் சிரிப்பெல்லாம் புத்தகத்துக்குள்.

முன்பெல்லாம் இவள் படித்தது குடும்பக் கதைகள். மாமியார், மருமகள், கடைசியில் ஆஸ்பத்திரி. அதை நான் தாங்கிக்கொண்டேன். இப்போது சில காலமாகக் காதலும் மாயமும் கலந்த புதுசு புதுசான நாவல்கள். அட்டையில் ஒரு வாள், ஒரு ரோஜா, பொத்தானே போடாத ஓர் இளவரசன். அந்தப் பொத்தான் விஷயம் எனக்கு முதல் நாளே உறுத்தியது.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்ததும் கூடத்தில் பேச்சுக் குரல்.

"அந்த ஆளை விட்டுட்டு வந்துடறதுதான் அவளுக்கு நல்லது" என்றாள் என் மனைவி.

"இருந்தாலும் பாவம்க்கா. அவமேல உசிரையே வெச்சிருக்கான்" என்றாள் தபாலம்மா. எதிர்வீட்டுக்காரி. தெருத்தெருவாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது என் மனைவியிடம் புத்தகம் வாங்கிப் படிப்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

"உசிரா? ஐந்நூறு வயசாகுது. இன்னும் ஒரு பொண்ணு மனசு புரியல. அத்தனை வருஷம் என்னதான் பண்ணினான்?"

கையிலிருந்த பை நழுவியது. "யாருக்கும்மா ஐந்நூறு வயசு?"

"ரத்தம் குடிக்கிறவனுக்கு" என்றாள் இவள், மளிகைக்காரரைச் சொல்வது போல.

நாவல் விஷயம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பதில் சொன்னவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. விவாதம் தொடர்ந்தது.

"இப்ப வர்ற கதையெல்லாம் ஒரே மாதிரிதான்க்கா. முதல் நூறு பக்கம் ரெண்டு பேரும் கத்தியால குத்திக்கறாங்க. அடுத்த நூறு பக்கம் கட்டிக்கறாங்க."

"நடுவுல மன்னிப்பு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல, கவனிச்சியா? புத்தகத்துக்கு முன்னாடி மேப் போட்டிருந்தா இன்னும் மோசம். அதுல இருக்கிற ஊருக்கெல்லாம் நம்மள நடத்தியே கூட்டிட்டுப் போயிடறாங்க. கால் வலிக்குது."

"அப்புறம் ஏன்க்கா படிக்கறீங்க?"

என் மனைவி சொன்னாள்: "போன வாரம் படிச்சதுல ஒருத்தன் வந்தான். பெரிய வீரன். போர்க்களத்துலேருந்து வர்றான். காதலி கிணத்துலேருந்து தண்ணி தூக்கிட்டு வர்றா. ஒரு வார்த்தை பேசல. குடத்தை வாங்கி இவன் தோள்ல வெச்சுக்கிட்டான். அவ்ளோதான். நான் அழுதுட்டேன். அருமையான எழுத்து."

அருமை! கல்யாண வாழ்க்கையில் இவள் வாயிலிருந்து நான் கேட்ட மிக உயர்ந்த பாராட்டு, "பரவாயில்ல" என்பது. அதுவும் நான் வாங்கி வந்த துடைப்பத்துக்கு.

அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன். ஒரு நாவல் எழுதுவேன். காதல், மாயம், டிராகன், எல்லாம் வைத்து எழுதுவேன். இவள் அதைப் படித்து, 'நல்லாருக்கு' என்று சொல்ல வேண்டும். அப்போது, அடியே, எழுதினது யார் தெரியுமா என்று கேட்பேன். புத்தகம் கையிலிருந்து விழும். இவள் நிமிர்ந்து பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள்.

எனக்கு வேண்டியது அந்த ஒரு நிமிர்வுதான்.

என் பல்செட் பட்டறையிலேயே எழுதினேன். சுற்றிலும் மாவில் வார்த்த வாய்கள் என்னைப் பார்த்துத் திறந்திருந்தன. பெண் பெயராக இருக்கட்டும் என்று புனைபெயர் நிலாக்கிளி. நாவலின் பெயர் 'கந்தகக் கோட்டைக் காதலி'. அச்சுக்கடையில் கொடுத்து ஒரே ஒரு பிரதி போட்டேன். அட்டையில் இளவரசனுக்கு எல்லாப் பொத்தானும் போடச் சொன்னேன். வாடகை நூலகக்காரரிடம் போய், இவள் எடுக்கும் புத்தகங்களோடு இதையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் வாயில் இருப்பது நான் செய்த பல்செட். ஆகவே வாயைத் திறக்க மாட்டார் என்று நம்பினேன்.

இவள் படித்தாள். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தபடி கவனித்தேன். சரக். சரக். நாயகனின் நண்பன் சாகும் கட்டம் வந்திருக்க வேண்டும். எழுதும்போது நானே மூக்கைச் சிந்திய இடம். இவள் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு!

தபாலம்மா வந்ததும் கச்சேரி ஆரம்பமானது.

"ஒரு டிராகன் வருது. வாயைத் திறக்குது. நெருப்பு வரும்னு பார்த்தா, ரெண்டு பக்கத்துக்குக் கடைவாய்ப்பல்லு! இடது பக்கம் தேய்ஞ்சிருக்காம். ஒரு பக்கமாவே மெல்லுதாம்."

"ஐயோ! எழுதினது யாருக்கா, பல் டாக்டரா?"

"சாகப்போற நண்பன் கடைசியா சிரிக்கிறான். 'ஈறு வெளிறியிருந்தது'ன்னு போட்டிருக்கு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "பல்லுங்கறது மனுஷனுக்கு முக்கியம்தானே?"

"நீங்க எப்பங்க இதைப் படிச்சீங்க?"

"நானா? பொதுவா சொன்னேன்."

இளவரசியின் பல்லைப் பற்றியும் எழுதியிருந்தேன்; அதைப் பற்றி மட்டும் இவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆறுதலில் நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த இடி விழுந்தது.

"அதைக்கூட விடு. ஏழு கடல் தாண்டிப் போய் இளவரசியை மீட்கறான். அவ நூறு வருஷமா சிறையில இருந்தவ. அரண்மனைக்குள்ள கால் வெச்சதும் என்ன கேக்கறான் தெரியுமா? 'சாப்பிட என்ன இருக்கு?' அவகிட்ட!"

"அடப்பாவி!" என்றாள் தபாலம்மா.

அந்த 'அடப்பாவி' நேராக என் நெஞ்சில் வந்து இறங்கியது. பசித்தவன் கேட்டால் தப்பா? நான் தினமும் கேட்கிறேனே!

"இப்ப வர்ற நல்ல கதைல எல்லாம் நாயகன்தான் சமைக்கிறான். இந்த நிலாக்கிளி ரொம்பப் பழைய கிளி."

விட்டுவிடுவேனா? இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தேன். பற்களை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். நாயகனைச் சமையல்கட்டுக்கு அனுப்பினேன். போனவன் அங்கே நின்றுகொண்டே இருந்தான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே அவனுக்குத் தெரியும்?

"ஏம்மா, வெங்காயம் நறுக்கட்டுமா?"

இவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

"சும்மாதான்."

"சும்மாவே நறுக்குங்க."

நறுக்கினேன். அழுதேன். அந்தக் கண்ணீரைச் சூடு ஆறாமல் நாவலில் ஊற்றினேன். இரண்டாம் பாகம் இவள் கைக்குப் போனது.

"வெங்காயம் நறுக்கற இடம் நிஜமா இருக்கு" என்றாள் தபாலம்மாவிடம். நான் பேப்பருக்குப் பின்னால் ஓர் அடி வளர்ந்தேன். "ஆனா நறுக்கின பலகையை அப்படியே போட்டுட்டு வாளை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். அதை யார் கழுவறது? டிராகனா?"

"அதானே? சண்டைக்குப் போறவங்க எல்லாம் இப்படித்தான்க்கா, அடுப்படியைப் போர்க்களமா ஆக்கிட்டுப் போயிடறாங்க."

"இன்னொண்ணு. இதுல ஒருத்தருக்கும் பல்லே இல்ல. நாயகிக்காவது விட்டு வெச்சிருக்கலாம்." இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனம் பலகையில் இருந்தது.

மூன்றாம் பாகத்துக்காகப் பாத்திரம் துலக்கினேன். "அடி பிடிச்ச பாத்திரத்தை ஊற வெச்சுட்டு மறந்துட்டானே, இவனெல்லாம் ஒரு நாயகனா?" என்று விமர்சனம் வந்தது. ஊற வைத்ததை அன்றே தேய்த்தேன். நான்காம் பாகத்தில் நாயகன் துணி துவைத்தான். "கவசத்துக்கு உள்ளே போடற சட்டை காலரை யாரும் கவனிக்கறதே இல்ல" என்று இவள் பெருமூச்சு விட்டாள். கவனித்தேன். தேய்த்தேன். உலர்த்தினேன். இஸ்திரி போட்டேன்.

பட்டறையில் பல் பதித்துவிட்டு வந்து, வீட்டில் கால் பதிக்க நேரமில்லாமல் ஓடினேன். அதிகாலையில் எழுந்து டீ போட்டேன். அழைப்பு மணி அடித்தால் நானே எழுந்து போனேன். எல்லாம் ஆராய்ச்சி. எழுத்தாளன் என்றால் சும்மாவா? இவளோ ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடித்தபடி, நான் எழுதிய நாவலை, நான் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு படித்தாள். சரக்.

ஐந்தாம் பாகத்தில் நாயகிக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், அவளை உப்பரிகையில் உட்கார வைத்துக் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்.

இவள் அதைப் படித்து முடித்த மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. தபாலம்மாவும் இருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் புரண்டது. புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

"நாயகி குணம் இப்பதான் சரியா வந்திருக்கு" என்றாள். பிறகு, "நல்லாருக்கு."

என் கையில் இருந்த போர்வை தரையில் விழுந்தது.

"என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு!"

"நல்லாருக்குன்னேன்."

"அடியே! அதை எழுதினது யார் தெரியுமா?" மார்பைத் தட்டிக்கொண்டேன். "நிலாக்கிளி யார் தெரியுமா? நான்! நான்தான்!"

புத்தகம் விழவில்லை. தபாலம்மா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி தபாலம்மாவைப் பார்த்தாள்.

"தெரியும்ங்க" என்றாள் இவள்.

தரையில் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"எப்படி? நூலகக்காரர் வாயைத் திறந்துட்டாரா?"

"அவர் எதுக்கு? முதல் பாகம், இளவரசியை அவன் முதல்ல பாக்கற இடம். நீங்க என்ன எழுதியிருந்தீங்க? அவளோட இடது பக்கக் கோரைப்பல் கொஞ்சம் முன்னால நிக்கும். சிரிக்கும்போது மேலுதடு அதுல ஒரு நொடி மாட்டிக்கிட்டு, அப்புறம் இறங்கும். அந்த ஒரு நொடிக்காக அவன் ஏழு கடல் தாண்டினான்."

சொல்லிவிட்டு இவள் சிரித்தாள். நிமிர்ந்து, என்னைப் பார்த்து. மேலுதடு இடது பக்கத்தில் ஒரு நொடி மாட்டிக்கொண்டது. பிறகு இறங்கியது.



"இவ்வளவு நாளும் நீங்க என்னைப் பார்க்கவேயில்லைன்னு நினைச்சேன்" என்றாள்.

நானும் இவளைப் பற்றி அதையேதான் நினைத்திருந்தேன். ஆனால் சட்டென்று எனக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்படின்னா முதல் பாகத்துலயே உனக்குப் பிடிச்சிருச்சா?"

"அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

"அப்பவே நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அங்கேயே நிறுத்தியிருப்பீங்களே. வெங்காயத்தை யார் நறுக்கறது?"

நான் தடாலென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். உதவிக்கு யாராவது வருவார்களா என்று தபாலம்மாவைப் பார்த்தேன்.

"கவலைப்படாதீங்கண்ணா" என்றாள் அவள். "உங்க எழுத்து வீண் போகல. எங்க வீட்டுக்காரரையும் படிக்க வெச்சிருக்கேன். நாலாம் பாகம் வரைக்கும் வந்துட்டாரு. காலரெல்லாம் பளபளங்குது."

"அவருக்கும் தெரியுமா, நான்தான்னு?"

"தெரியும். அடிக்கடி உங்களைத்தான் நினைச்சுக்கறாரு. என்ன வார்த்தையிலன்னு மட்டும் கேக்காதீங்க."

என் மனைவி காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினாள். "ஆறாம் பாகத்துல நாயகன் ஜன்னல் துடைக்கற மாதிரி வெச்சா என்னங்க? உப்பரிகையில உட்கார்ந்து படிக்க அவளுக்கு வெளிச்சம் பத்தல."

நிலாக்கிளி ஆறாம் பாகத்தை எழுதவேயில்லை. வாரத்துக்கு ஒரு முறை ஜன்னல் மட்டும் துடைக்கிறாள்.