நின்றால் விழித்துக்கொள்வார்

"நின்னா முழிச்சுக்குவேன். அவ்வளவுதான் விஷயம்."

"கட்டில்னா நின்னுக்கிட்டுத்தானே இருக்கும்?"

"அதான் தூக்கமே வரல."

தையல்காரர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தபடியே எதிர்க் கட்டிலை முறைத்தார். முதியோர் இல்லத்தின் அந்த அறையில் அவர்கள் இருவர்தான். சக்கரம் வைத்த கட்டிலில் படுத்திருந்தவர், வாழ்நாளெல்லாம் ரயிலின் கடைசிப் பெட்டியில் போன கார்டு. ஓடுகிற வண்டியில் குறட்டை, நின்ற வண்டியில் விழிப்பு. தொழில் கொடுத்த பழக்கமாம்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல டாக்டர் வர்றார். தூங்காதவனைப் பின்கட்டிடத்துக்கு மாத்திடுவாராம்."

பின்கட்டிடத்துக்குப் போனவர்கள் சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பியதில்லை. தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். இந்த மனுஷனும் போய்விட்டால், ஜன்னலுக்கு வெளியே கிளம்பும் மேகங்களுக்கு யார் பச்சைத் துண்டை ஆட்டி வழியனுப்புவது?

"யாரையாவது தள்ளச் சொல்லேன்யா."

"அடுத்த ரூம் பாட்டு டீச்சர் தள்ளிப் பார்த்தாங்க. கொட்டாவிகூட வரல. மிஷின் மிதிச்ச கால்லதான்யா அந்தத் தாளம் இருக்கும்."

"என் கால் மிதிக்கவேண்டியதை எல்லாம் மிதிச்சாச்சு. டாக்டரே உதட்டைப் பிதுக்கிட்டார்."

அவரிடம் பழுதாகாமல் மிச்சமிருந்தது காது ஒன்றுதான்; கீழே விழுந்த ஊசியைச் சத்தத்தை வைத்தே தேடி எடுத்த காது.

முனகிக்கொண்டே எழுந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்தார். தள்ளினார்.

வராந்தாவில் சக்கரங்கள் கிறீச்சிட்டன. மதியத் தூக்கத்தில் இருந்த அறைகளிலிருந்து வசவுகள் வந்தன. பின்னாலேயே பாட்டு டீச்சரும் வந்தாள்.

"சுருதியே சேரலையே! உங்க மிஷின் எண்ணெய் எங்கே?"

எண்ணெய் விட்டதும் கட்டில் பனிக்கட்டியில் போவதுபோல் போனது. கார்டு கண்ணைத் திறந்தார்.

"என்னய்யா இது, வழுக்கிக்கிட்டுப் போகுது? தடக் தடக் இல்லாம என்ன ரயில்?"

டீச்சர் யோசித்தாள். பிறகு அறை வாசல்களில் கிடந்த ரப்பர் செருப்புகளை எல்லாம் அள்ளிவந்து, தண்டவாளக் கட்டைகள்போல வராந்தா நெடுகப் பரப்பினாள்.

தடக் தடக். தடக் தடக்.

கார்டு குறட்டை விட்டார். தையல்காரரின் கால்கள் பழைய தாளத்தில் விழுந்தன. இருபுறமும் கதவுகள் ஊர் ஊராகப் பின்னால் போயின. யாருக்கோ அவசரமாய்த் தைத்த கல்யாணச் சட்டையின் கடைசிப் பொத்தான், எங்கிருந்தோ நினைவில் மினுங்கி மறைந்தது.

"என் இடது கால் செருப்பு!"

செருப்பைத் தொலைத்தவர்கள் வெறுங்காலோடு துரத்திக்கொண்டு வந்தார்கள்.

"நிறுத்துய்யா!"

"நிறுத்தினா முழிச்சுக்குவார்!"

தையல்காரர் வேகத்தைக் கூட்டினார். வராந்தா முடிந்து தோட்டத்துக்கு இறங்கும் சரிவு தொடங்கியதை அவர் கவனிக்கவில்லை. எண்ணெய் குடித்த சக்கரங்கள் கவனித்தன.

கட்டில் பறந்தது. கையை விட அவருக்கு மனம் வரவில்லை. கார்டின் போர்வை காற்றில் உப்பிப் பாய்மரமானது. மரங்கள் நிழல்களைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டன. தான் அசையாமல் நிற்பதாகவும், தோட்டம்தான் எங்கோ பயணம் போவதாகவும் ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

பூப்பாத்தியில் முட்டிக் கட்டில் நின்றது. எதிரே டாக்டர்; பக்கத்தில் நர்ஸ்.

தையல்காரருக்கு மூச்சு வாங்கியது. "தூங்குறார் டாக்டர்! நீங்களே பாருங்க! பின்கட்டிடம் எல்லாம் வேண்டாம்!"

வண்டி நின்றும் கார்டு விழிக்கவில்லை. முன்பைவிடச் சத்தமாகவே குறட்டை விட்டார். டாக்டரோ அவரைத் திரும்பியும் பார்க்காமல், தையல்காரரின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸிடம் ஏதோ சொன்னார்.

நர்ஸ் குனிந்து கார்டின் காதில் கிசுகிசுத்தாள். ஊசி விழுந்தால் கேட்கும் காதுக்கு அது தப்பவில்லை.

"கார்டு சார், தையல்கார ஐயாவைப் பின்கட்டிடத்துக்கு மாத்தவேண்டாம்னு டாக்டருக்குப் பாதி மனசு வந்தாச்சு. ஆனா அவர் திரும்பிப் பார்க்குறதுக்குள்ள வண்டி நின்னுடுச்சாம், ஐயா நடக்குறதைச் சரியாப் பார்க்கலையாம்... இன்னும் ஒரே ஒரு சுத்து தூங்குங்களேன்?"