இருட்டில் சராசரியைப் போடுபவர்

அண்டத்தை அளப்பவர் என்றொரு இனம் உண்டு. கேலி இல்லை, வாசகரே, சம்பளம் வாங்கிக்கொண்டே அளக்கிறார்கள். வானத்தை மூலை முடுக்கெல்லாம் துருவிப் படமெடுத்த கணக்கெடுப்புகளைக் கணினியில் கொட்டி, எந்த விண்மீன் திரள் எந்தப் பக்கம் ஓடுகிறது, அதை இழுப்பது எது, எங்கே நெரிசல், எங்கே ஈ காக்காய்கூட இல்லை என்று வரைபடம் போடுவார்கள். தூசி மறைத்த இடத்தில்? சராசரியைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். எட்டிப் பார்க்கவா முடியும்?

நம் பேராசிரியர் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால், திரையிலிருந்து தலை நிமிராமல், "சராசரியா நல்லாத்தான் இருக்காங்க" என்பார். வேளைக்குத் தட்டு மேசைக்கு வரும். யார் வைத்தது என்பது அவர் ஆய்வுக்கு உட்பட்டதல்ல.

அப்பேர்ப்பட்டவர் கண்ணிலேயே கொஞ்ச நாளாக ஒன்று உறுத்தியது. மாலையானால் மகள் பேருந்தேறிக் கிழக்கே போகிறாள். மகனும் சைக்கிளில் கிழக்கே. முழங்கால் வலி மாமியார்கூட முனகிக்கொண்டே கிழக்கே. விடுவாரா? அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்து மகளைக் கூப்பிட்டார்.

"பாரும்மா, எல்லா அம்பும் ஒரே இடத்துக்குப் போகுது. அங்க கண்ணுக்குத் தெரியாம ஏதோ பெருசா இழுக்குது."

"அது அம்மாப்பா. கோவிச்சுக்கிட்டு பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க."

"எப்போ?"

"இதைக் கேக்க இவ்வளவு நாளாச்சா? நீங்களா தேடி வந்தாத்தான் திரும்புவாங்களாம். இல்லேன்னா அங்கேயே இருந்துடுவாங்களாம்."

பேராசிரியர் சட்டென்று எழுந்தார். மனைவி இல்லாத வீட்டை முதன்முறையாகச் சுற்றிப் பார்த்தார். செருப்பை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார்.

கதவைத் திறந்த மனைவியின் முகம் மலர்ந்ததை மறுப்பதற்கில்லை.

"வந்துட்டீங்களா! நான் இல்லாதது எப்படித் தெரிஞ்சுது?"

ஒரே ஒரு பொய் போதும். 'வீடே வெறிச்சுன்னு இருந்துச்சு' என்றிருந்தால் அம்மாள் அப்போதே பெட்டியைத் தூக்கியிருப்பாள். ஆனால் இந்த இனத்துக்குப் பொய் வராது. சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பெருமையோடு விரித்தார்.

"உன்னை நேரடியாக் கவனிக்கல. மத்தவங்க போற போக்கை வச்சுத்தான்..."

கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து உங்கள் வீட்டு உள்ளறையில் சத்தமே இல்லையே, கவனித்தீர்களா? என்ன, நன்றாகத்தான் இருப்பார்கள் என்கிறீர்களா? எழுந்துபோய்ப் பார்த்துவிட்டா சொன்னீர்கள்?