தாமோதரனின் வீட்டு மௌனம்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்கு மின்விளக்கு வராத காலம். மார்கழி விடியலில் பனி இறங்கினால் கூலி லைன் வீடுகள் மேகத்தில் மிதக்கும். கல் இடிக்கிற மில்லின் ‘தொம் தொம்’ மட்டும் யாரோ உறங்குகிறவரின் நெஞ்சுத் துடிப்பாகக் கேட்கும். அப்படி ஒரு விடியலில்தான் தாமோதரன் அந்த மகத்தான முடிவுக்கு வந்தார்.

அவர் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் பேர் எழுதும் குமாஸ்தா. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவர்கள் பேரையெல்லாம் கத்திக் கத்தி மனசெங்கும் இரைச்சல். இனி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மௌனம். தினமும் விடியலில் ஒரு நோட்டில் ஆன்ம விசாரம் எழுதி உள்ளே அமைதி காண்பது. ஆனால் ஷாப்டில் பேர் கூப்பிட்டாக வேண்டுமே? ஆகையால் மௌனம் வீட்டில் மட்டும்.

“ஊரெல்லாம் பேசுவீங்க, என்னாண்ட மட்டும் பேச மாட்டீங்க. இன்னா விரதம் இது?” என்றாள் மனைவி பச்சையம்மா.

ஒரு சிலேட்டைக் காட்டினார். எது வேண்டுமானாலும் இதில் எழுதுவாராம்.

“எனக்குத்தான் எழுத்தே தெரியாதே!”

தாமோதரன் கண்ணை மூடி ஞானியைப்போலப் புன்னகைத்தார். பக்கத்து வீட்டு இசபெல்லா மத்தியானத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே போகவேண்டும் என்று பச்சையம்மா ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். ‘அடுப்புக்கு எதுக்கு அரிச்சுவடி?’ என்று அவரும் ஒரு மாதமாக மறுத்துவந்தார். மௌனம் இருந்தால் அந்தத் தகராறும் ஓயும் என்பதை நோட்டில் மட்டும் எழுதவில்லை.

முதல் வாரம் சொர்க்கம். ‘அமைதி ஒரு பனி. பிடிக்கப் போனால் இல்லை. சும்மா இருந்தால் மேலே வந்து படிகிறது’ என்று எழுதி, தாமே மெய்சிலிர்த்தார். ஜன்னல் வழியே பனி உள்ளே வரும். பேனா அப்படியே நிற்கும். கயிறில்லாத கேஜில் ஏறி, அடியே இல்லாத ஒரு லெவலுக்கு மெத்தென்று இறங்குவதுபோல இருக்கும்.

எட்டாம் நாள், அவர் ஷிப்ட் முடிந்து வந்த மத்தியானம், இசபெல்லா வாசலில் வந்து நின்றாள்.

“இன்னா பச்சையம்மா, படிக்க வரியா இல்லியா? அண்ணன் இன்னா சொல்றாரு?”

தாமோதரன் பலப்பத்தால் சிலேட்டு நிறைய எழுதினார்: ‘கூடாது’.

பச்சையம்மா அதை வாங்கி உற்றுப் பார்த்தாள். “போயிட்டு வரச் சொல்றாருக்கா.”

அவர் பதறித் தலையை ஆட்டினார்.

“பாருங்க, சந்தோஷத்துல தலையாட்டுறாரு!”

சிலேட்டைப் பிடுங்கி, இன்னொரு ‘கூடாது’ எழுதி, படிக்கத் தெரிந்த இசபெல்லாவிடமே நீட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தாள்.

“‘கூடாது’ன்னு எழுதிக்கீறாரு.”

பச்சையம்மாவின் முகம் வாடியது. “இன்னா கூடாதாம்?”

இசபெல்லா அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “தாமதம் கூடாதாம். ரெண்டு வாட்டி எழுதிக்கீறாரு. இன்னிக்கே வா.”

தாமோதரன் வாயைத் திறந்தார். விரதத்தைப் பற்றி ஷாப்ட் முழுக்கப் பெருமையடித்தாயிற்று. ஒரு வார்த்தை பேசினால் பொழுது சாய்வதற்குள் லைன் முழுக்கச் சிரிக்கும். திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டார்.

அன்று முதல் மத்தியானங்களில் வீட்டில் நிஜமான அமைதி. மூடிவைத்த சோறு, ஆளில்லாத அறை. ‘சாப்டீங்களா?’ என்று கேட்க நாதியில்லை. தேடிய அமைதி எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. அதனிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. விடியலில் நோட்டைத் திறந்தாலும் ஒரு வரி வரவில்லை. மத்தியானமானால் பக்கத்து வீட்டிலிருந்து ‘அ... ஆ...’ என்று பெண்கள் குரல் மிதந்து வரும். நடுவில் பச்சையம்மாவின் சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்புக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்காரலானார்.

நாற்பத்தெட்டாம் நாள் முடிந்தது. மறுநாள் விடியலில் குளித்து, கற்பூரம் ஏற்றி, மனைவி எதிரே வந்து உட்கார்ந்தார். அவள் மடியில் புத்தகம். விரல் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்துகொண்டிருந்தது. முதல் வார்த்தை என்னவாக இருக்கவேண்டும் என்று பத்து நாளாக யோசித்திருந்தார். ‘ஓம்’, ‘சாந்தி’ எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஆசையாகக் கூப்பிட்டார்:

“பச்சையம்மா...”

அவள் விரலை எடுக்காமல் சொன்னாள்: “கொஞ்சம் பேசாம இருங்க, படிச்சினு கீறேன்.”