டவாலியின் மூணாவது கூப்பாடு

"...ரெண்டு தடவைதாங்க கூப்பிட்டிருக்கேன். மூணாவது கூப்பிடாம நீங்க தீர்ப்பு சொன்னா செல்லாதுங்க, ராஜா!"

மேடையில் இப்படிச் சொல்லிவிட்டு, மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் டவாலி. அட்டைக் கிரீடம் புருவம் வரை இறங்க, சிம்மாசனத்தில் முழித்துக்கொண்டிருந்த ராஜா நான்.

தர்மபுரி ஜில்லாவிலேயே டவாலிக்கு இருக்கும் தொண்டை வேறு யாருக்கும் கிடையாது. அரூர் கோர்ட்டில் கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் பார்த்த உத்தியோகம். தோளில் சிவப்புப் பட்டையோடு வராந்தாவில் நின்று "முருகேசன்!" என்றால், பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை வண்டியிலிருந்து நாலு முருகேசன் இறங்கி வருவார்கள். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு மெஷினே அதிரும்.

ஆனால் ரெண்டாவது கூப்பாட்டுக்கும் மூணாவதுக்கும் நடுவே மனுஷன் தண்ணி குடிப்பார், இருமுவார், பட்டையைக் கழற்றி மாட்டுவார். உள்ளே ஜட்ஜ் மணி அடித்தே ஓய்ந்துபோவார். ரிட்டயர் ஆன பிறகும் இதே கதைதான். அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைத்தால் அதற்கும் இதே வாய்தா உண்டு. மூணாவதுக்கும் வரவில்லையென்றால், "காக்கா ஆஜர் இல்லை" என்று உள்ளே வந்து இலை போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்ளும்.

"ஏங்க அவ்வளவு இழுக்கறீங்க?" என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுங்க. சித்தேரி பொன்னம்மான்னு ஒரு அம்மா, நெலத்துக் கேஸு. ஒரே மூச்சுல மூணு தடவை கூப்பிட்டுட்டேன். ஆள் வரலன்னு எதிராளி பக்கம் தீர்ப்பாயிருச்சு. மலை பஸ் டயர் வெடிச்சு, பாதி தூரம் நடந்தே வந்து, அப்பதான் அந்தம்மா கேட்டுக்குள்ள கால வைக்குது. திரும்ப மனு போடலாம்னு சொல்றதுக்கு பின்னாலயே ஓடுனேங்க. பஸ் ஏறிப் போயிருச்சு. அப்புறம் வரவேயில்ல. சட்டப்படி நான் செஞ்சது கரெக்டுதாங்க."

சொல்லிவிட்டு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவில் மத்தியானம் எங்கள் ஊர்ப் பழைய நாடகம். பஞ்சத்தில் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஊருக்குச் சோறு போட்ட குடியானவன்மேல் வழக்கு. திறக்கச் சொல்லி ராஜாவே கொடுத்துவிட்டு மறந்துபோன உத்தரவைக் கொண்டுவந்த தூதன் மட்டுமே சாட்சி. மூணு தடவை கூப்பிட்டும் அவன் வரமாட்டான். சட்டப்படி தலையை வெட்டிவிடுவார்கள். அப்புறம்தான் தூதன் ஓடிவருவான். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழ வேண்டும். சாட்சியைக் கூப்பிடும் சேவகன் வேஷத்துக்கு டவாலியை விட்டால் யார்?

அந்தக் கூப்பாடுதான் ரெண்டோடு நின்றுவிட்டது.

"யோவ் டவாலி, கூப்பிடுய்யா! நாடகம் கெட்டுப்போவுது!" திரைக்குப் பின்னாலிருந்து நாடக வாத்தியார் கத்தினார்.

"நாடகம் கெட்டா அடுத்த வருசம் போட்டுக்கலாங்க. தலை போனா?"

மண்டி போட்டிருந்த குடியானவன் நெளிந்தான். "அண்ணே, முட்டி வலிக்குது. வெட்டினாலும் பரவால்ல, சீக்கிரம் கூப்பிடுங்கண்ணே."

"பொறுப்பா, வண்டி லேட்டு."

தூதன் வேஷம் பாலக்கோடு தக்காளி மண்டிக்காரர். திரை ஓரத்தில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பொம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள். "ஏய்யா தூதரே, இங்க ஒரு உசுரு போவுது, அங்க என்னய்யா சோடா வேண்டிக்கெடக்கு?"

மானம் தாங்காமல், ஒருபக்க மீசை தொங்க ஓடிவந்துவிட்டார் மனுஷன். "ராஜா! உத்தரவு நீங்க குடுத்ததுதான் ராஜா!"

எனக்கு எழுதிக் கொடுத்திருந்ததெல்லாம் கொன்றுவிட்டு அழும் வசனம். விடுதலைக்கு வசனமே கிடையாது. "சரி, எந்திரிச்சு வூட்டுக்குப் போப்பா" என்றேன். விசில் பறந்தது. வாத்தியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"மூணாவது பாக்கி இருக்குங்க, ராஜா" என்றார் டவாலி.

"கூப்பிடுங்க" என்றேன்.

செம்பை எடுத்துத் தண்ணி குடித்தார். இருமினார். பட்டையைச் சரிசெய்துகொண்டார். மைக்கை விட்டு விலகி, சித்தேரி மலைப் பக்கம் திரும்பி நின்று, அவசரமே இல்லாமல், நாடகத்தில் இல்லாத ஒரு பேரைக் கூப்பிட்டார்.

"பொன்னம்மா!"