முள்ளிறக்கும் சாமி

கோவில்பட்டி வட்டாரத்தில் மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் சாமியாரிடம் போவார்கள். எப்போதும்வென்றான் ஊருக்குப் போகும் சாலையில், கரிசல் காட்டு ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார் முள்ளிறக்கும் சாமி. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறிப்போன வண்டிகளை வரிசையில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றி, முள்ளை இறக்கித் தருவது அவர் தொழில். தொழில் என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். அருள் என்றே வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் தாங்காது. லாரி, டிராக்டர், ஷேர் ஆட்டோ எல்லாம் வரிசை கட்டும். கிணற்று மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தவர்கூட உண்டு. வரிசையில் நிற்கும்போதே வண்டி ஆறிப்போய் முள் தானாக இறங்கிவிடும். சாமி கொட்டகைக்குள் இருந்தபடியே இறக்கிவிட்டார் என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அந்த வரிசையில் ஒருநாள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகராஜும் வந்து நின்றார். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றை மதுரையில் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். தோல் மெத்தை, மரப் பலகை பதித்த முகப்பு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைப் பூட்டியது போலச் சத்தம். எல்லாம் பிடித்திருந்தது. பிடிக்காதது அந்த முள் மட்டும்தான். இப்போது வருகிற வண்டிகளில் முள்ளே கிடையாது, இருந்தாலும் ஒட்டிவைத்தது போல நடுவிலேயே நிற்கும். இந்தப் பழைய காரில் எண் போட்டிருந்தது. முள்ளும் உள்ளதை உள்ளபடி காட்டியது. ஓடினால் தொண்ணூறு, ரயில்வே கேட்டில் நின்றால் நூறு. தண்ணீர் நூறில் கொதிக்கும் என்று சண்முகராஜ் ஆறாம் வகுப்பில் படித்திருந்தார். அதற்கு மேல் படித்தது எதுவும் நினைவில் இல்லை. முள் நூறைத் தொட்டதும் அவர் நெஞ்சு கொதித்தது.

மெக்கானிக் பாண்டிராஜ் பார்த்துவிட்டுச் சிரித்தான். இந்த வண்டி ஓட வேண்டிய சூடே தொண்ணூறுதான், நின்றால் நூறு தொடும், ரேடியேட்டர் பேன் ஓடும், தானாக இறங்கும், உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த கூலன்ட் தண்ணீர், அது நூறில் கொதிக்காது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றான். சொன்னதற்குக் காசும் வாங்கவில்லை. அதனால் சண்முகராஜ் நம்பவில்லை.

சாமி காரைச் சுற்றி வந்தார். பேனட்டில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, வண்டி வந்த அன்று இதன் மேல் முதலில் கைவைத்தது ஒரு பெண்தானே என்று கேட்டார். புதுக் கார் வந்தால் வீட்டுப் பெண்கள் தொட்டுப் பார்க்காமல் இருப்பார்களா? சண்முகராஜ் அப்படி யோசிக்கவில்லை. அக்கா ஆவுடைத்தாய் கழுகுமலையிலிருந்து வந்து பேனட்டைத் தடவி, "என்னலே, அடுப்பு மாதிரி கொதிக்கு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். சாமிக்கு அவ்வளவு போதும்.

"ரத்த உறவு. வச்சது வெளியில இல்ல, உள்ளுக்குள்ள இருக்கு" என்றார் சாமி.

ஸ்பானரை எடுத்தார். சித்தர்கள் ஸ்பானர் பிடிக்கும் லாகவம் எங்கே கற்றார்கள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் எஞ்சினில் சேரும் இடத்தைத் திறந்து, உள்ளே கைவிட்டு, செம்பும் பித்தளையுமாகச் சுருள்கம்பி சுற்றிய ஒரு வட்டப் பொருளை வெளியே எடுத்தார். கூட்டம் மூச்சை இழுத்தது. செய்வினைத் தகடு. மண்ணில் புதைத்த காலம் போய் எஞ்சினில் புதைக்கிறார்கள், கலி முற்றிவிட்டது என்று சாமி வருத்தப்பட்டார்.

மூடி மாட்டித் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தால் முள் ஐம்பதைத் தாண்டவில்லை. சண்முகராஜ் சாமி காலில் விழுந்தார். எழுந்ததும் தகட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே எழுதினார்: எனக்கு வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்.

அக்கா மகள் இசக்கிச்செல்விக்குக் கல்யாணம் அடுத்த வாரம். சண்முகராஜ் ஒரே தாய்மாமன். அவர் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மேடை ஏறினால் ஊர் என்ன பேசும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். போட்டோவை அனுப்பிவிட்டு அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் முள் இறங்கியிருக்கிறதே, அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

முள்தான் இறங்கியது. வண்டி காலையில் குளிரில் நடுங்கும் கிழவன் மாதிரி இருமியது, பெட்ரோலைக் குடித்தது, கரும்புகை கக்கியது. போனில் கேட்டதற்கு, துஷ்டதேவதை வெளியேறும்போது புகை வரத்தான் செய்யும் என்றார் சாமி.

ஆவுடைத்தாய் அழவில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தத் 'தகடு' அவளுக்குப் பழக்கப்பட்ட பொருள். கரிசலை உழும் தன் டிராக்டருக்குப் போன வருடம்தான் அவளே கடையில் ஒன்று வாங்கி மாட்டினாள். வெள்ளிக்கிழமை கோவில்பட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இறங்கினாள். பிறகு தம்பியை வரச்சொல்லிவிட்டு, நேராகச் சாமி கொட்டகைக்குப் போனாள்.

கூட்டத்துக்கு நடுவில் அட்டைப் பெட்டியைப் பிரித்து அதே மாதிரி ஒரு வட்டப் பொருளை எடுத்து நீட்டினாள்.

"சாமி, இது பேரு தெர்மோஸ்டாட்டு. தண்ணி சூடானா திறக்கும், ஆறினா மூடும். வேணுங்கிற சூட்டுல எஞ்சினை வைக்கத்தான் இது. கடையில அடுக்கி வச்சு விக்கான். கம்பெனிக்காரனே செய்வினை வச்சு பெட்டியில போட்டு அனுப்புதானா?"

சாமி அசரவில்லை. கடையில் இருப்பது வெறும் உலோகம், தம்பி வண்டியில் இருந்ததில் ஆவி ஏற்றியிருக்கிறது என்றார். கூட்டமும் தலையாட்டியது. பொங்கல் பானைக்காக அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த தம்பியிடம் அவர் வண்டித் தகட்டை ஆவுடைத்தாய் கேட்டு வாங்கினாள். இரண்டையும் நூலில் கட்டி அந்தத் தண்ணீரில் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் வாயைத் திறந்தன. வெளியே எடுத்து ஆறவிட்டதும் இரண்டும் மூடிக்கொண்டன.

"பாத்தீங்களா, சூடு பட்டதும் பேய் வாயைத் திறக்கு" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். பகுத்தறிவு இப்படித்தான் நம் ஊரில் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஆவுடைத்தாய் திரும்பிப் போகவில்லை. வேப்ப மரத்தடியில் சாமியின் சொந்த ஜீப் நின்றது. நெற்றியில் பட்டை, கண்ணாடியில் வேல், சக்கரத்துக்கு மாலை. உங்க வண்டியில இது உண்டா என்று கேட்டாள். தன் வண்டி சுத்தம், எந்தத் தகடும் அதை அண்டாது என்று சாமி வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்ப திறந்து பாப்போம்" என்றாள்.

வரிசையில் நின்ற லாரி டிரைவர் சங்கிலிப்பாண்டி ஸ்பானரோடு முன்னால் வந்தான். சாமி ஜீப்புக்குக் குறுக்கே நின்றார். சாபம் விடுவேன் என்றார். திறக்கலாமா வேண்டாமா என்று கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அப்போது சண்முகராஜ் வாயைத் திறந்தார். "திறக்கட்டும் சாமி. உள்ள ஒண்ணும் இல்லேன்னா நான் என் அக்கா முகத்துல முழிக்க மாட்டேன். இருந்தா..."

இருந்தது. கூலன்ட் பச்சையாக மண்ணில் ஓட, சங்கிலிப்பாண்டி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

ஆவுடைத்தாய் சத்தம் போடாமல் கேட்டாள். "எந்தம்பி எஞ்சினுக்குள்ள இருந்தது உமக்குத் தெரிஞ்சுது. உம்ம எஞ்சினுக்குள்ள இருந்தது தெரியலியா? சாமிக்கு எந்த அக்கா வச்சா?"

முதலில் சிரித்தது கிணற்று மோட்டார்க்காரர். பிறகு கொட்டகையே சிரித்தது. சிரிப்பு கோபமாக மாறுவதற்குள் சாமி ஜீப்பில் ஏறிக் கிளப்பிவிட்டார். எடுத்த மூடியை மாட்டவுமில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவுமில்லை. பருத்திக் காட்டைத் தாண்டுவதற்குள் ஜீப் ஆவி கக்கி நின்றது. இந்த முறை நிஜமாகவே முள் ஏறியிருந்தது. துரத்திப் போனவர்கள் பார்க்கும்போது அருள்மிகு சாமி காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளிடம் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். பிடித்துக் கொடுத்த பிறகு போலீஸ் விசாரித்ததில் பெயர் முத்துசெல்வம், வெளியூர் ஒர்க்‌ஷாப்பில் திருட்டுக்காகத் துரத்தப்பட்ட மெக்கானிக் என்று தெரிந்தது.

பாண்டிராஜ் புதுத் தெர்மோஸ்டாட்டைக் காரில் மாட்டிக் கொடுத்தான். சண்முகராஜ் அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கழுகுமலைக்குப் புறப்பட்டார். ரயில்வே கேட்டில் நின்றபோது முள் நூறைத் தொட்டது. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பேன் ஓடியது. முள் இறங்கியது. இத்தனைக்கும் எலுமிச்சம்பழம் ஏதும் இல்லை.

"கல்யாணத்துக்கு வாரேன்க்கா" என்றார். "மாலை நான்தான் எடுத்துக் கொடுப்பேன்."

"வராம எங்கன போவே" என்றாள் அவள். கேட் திறந்ததும் சொன்னாள். "முள்ளு ஏறுனது சரியா தப்பான்னு கேக்க எப்போதும்வென்றான் வரைக்கும் போனே. அக்கா செஞ்சிருப்பாளான்னு கேக்க எனக்கு ஒரு போன் போடத் தோணலியேலே."

சண்முகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார்.

கொட்டகை இப்போது காலி. ஆனால் தகரம் அப்படியே நிற்கிறது, அடுத்த சாமி வருவதற்கு வசதியாக. அவர் வந்தால் நம் மூளையைக் கழற்ற ஸ்பானர் கொண்டுவர வேண்டியதில்லை. அதை நாமே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தானே வரிசையில் போய் நிற்கிறோம்.